மஞ்சள் பையோடு தெல்தெனியவுக்கு: மரமேறும் சாமானுக்கு முதுகுப்பை தேடிய கதை

கயிறும் இரும்புக் கொளுக்கியும் நிறைந்த பையோடு யுத்தம் நடக்கும் இந்த நாட்களில் கண்டியில் பஸ் ஏறுவது புத்தியான காரியமில்லை. அடையாள அட்டையில் பிறந்த இடம் யாழ்ப்பாணம் என்றிருந்தால் சொல்லவே வேண்டாம். இருந்தும் போனேன். ஒரு தரம் தோற்றேன், மறு தரம் வென்று வந்தேன். பறவை படம் எடுக்க மரமேற நினைக்கிறவர்கள் உங்களில் இரண்டு பேராவது இருப்பீர்கள் என்ற நம்பிக்கையில் இதை எழுதுகிறேன்.

முதலில் சாமானைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். என் ஒன்றுவிட்ட அண்ணா கனடாவில் இருக்கிறார். அங்கே மான் வேட்டைக்குப் போகிறவர்கள் மரத்தில் பரண் கட்டாமல், இடுப்பையும் தொடையையும் தாங்கும் அகலமான துணிச் சேணம் ஒன்றை அணிந்துகொண்டு, மரத்தைச் சுற்றிய கயிற்றில் அதைக் கொளுவித் தொங்குவார்களாம். காற்றில் கதிரை போட்டு உட்கார்ந்த மாதிரி. அதோடு மரத்தில் பட்டியால் இறுக்கி மிதித்து ஏற நான்கு ஏணித் துண்டுகள், கால் வைக்க ஒரு சின்னத் தட்டு. எல்லாவற்றையும் முதுகில் போட்டுக்கொண்டு மரத்துக்கு மரம் மாறலாம். அண்ணா கலியாணம் ஒன்றுக்கு வந்தபோது தன் பழைய தொகுதியை எனக்கு விட்டுப் போனார். என் கையில் துவக்கு இல்லை, கமராதான் இருக்கிறது. காத்திருக்கிற வேலை இரண்டுக்கும் ஒன்றுதான்.

அவர் விட்டுப்போன பையில் ஆமிக்காரர் உடுப்பைப் போல இலையும் சருகும் அச்சடித்திருந்தது. இந்த நாட்டில் அந்த மாதிரித் துணியை யார் போடலாம், யார் போடக்கூடாது என்பது உங்களுக்குத் தெரியும். அதை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினேன். பை தேட வேண்டி வந்தது அப்படித்தான்.

போக வேண்டிய இடம் தெல்தெனியவுக்கு அப்பால், ரன்பண்டா மாமாவின் மிளகுத் தோட்டம். நான் வேலை செய்யும் வங்கிக்கு வந்துபோகிறவர் அவர். தோட்டத்துப் பழைய மாமரப் பொந்தில் ஒரு சோடி சாம்பல் இருவாட்சி குடியிருக்கிறதென்று கவுண்டரில் நின்றபடியே சொன்னார். பெண் பறவை உள்ளே போய், மண்ணாலும் எச்சத்தாலும் வாசலைப் பூசி அடைத்துக்கொண்டு குஞ்சு பொரிக்கும். சின்னத் துளை வழியாக ஆண் பறவை பழம் ஊட்டும். குஞ்சு வளர்ந்ததும் தாயும் குஞ்சும் சுவரை உடைத்து வெளியே வரும். எனக்கு அந்த உடைப்புத்தான் வேண்டும். ஆனால் மாமரம் மாட்டுக் கொட்டில் பக்கம் சாய்ந்துவிட்டது. "குஞ்சு பறக்கட்டும் என்று பொறுத்திருக்கிறேன் மகள். அது போனதும் தறித்துவிடுவேன்" என்றார் மாமா. ஆக, இந்த வருடம் விட்டால் வேறு வருடம் இல்லை.

முதல் தரம் ஒரு சனிக்கிழமை, வீட்டிலிருந்த கறுப்புப் பயணப் பையில் எல்லாவற்றையும் திணித்துக்கொண்டு கண்டியில் தெல்தெனிய பஸ் ஏறினேன். கிட்டத்தட்ட இருபத்தைந்து கிலோமீற்றர். வழியிலுள்ள சோதனைச் சாவடியில் எல்லாரையும் இறக்கினார்கள். அந்தப் பைக்கு மேலே மட்டும்தான் வாய். அடியில் என்ன இருக்கிறது என்று காட்ட, எல்லாவற்றையும் வெளியே எடுக்க வேண்டியதாயிற்று. கயிறு, கொளுக்கி, இரும்புத் துண்டுகள் எல்லாம் தார்ரோட்டில் குவியலாகக் கிடந்தன. எனக்கே அது பயங்கரமாகத்தான் தெரிந்தது. எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வந்த பெண் தன் பிள்ளையை இழுத்துக்கொண்டு தள்ளி நின்றாள். பஸ் போய்விட்டது. மூன்று மணித்தியாலம் ரோட்டோர மர வாங்கில் உட்கார்ந்திருந்தேன். எங்கள் மனேஜரோடு போனில் பேசிய பிறகுதான் போகச் சொன்னார்கள். அடிக்கவுமில்லை, ஏசவுமில்லை. ஆனால் தெல்தெனியவுக்குப் போகாமலே வீட்டுக்குத் திரும்பி, குளிக்கும்போது அழுதேன். அவமானம் பாதி, கோபம் பாதி.

அந்தக் கோபத்தோடுதான் பையை யோசிக்கத் தொடங்கினேன். கண்டிச் சந்தையில் பெரிய பள்ளிக்கூடப் பை ஒன்றை வாங்கிப் பார்த்தேன். ஏணித் துண்டுகள் மேலால் நீட்டிக்கொண்டு நின்றன. தூரத்திலிருந்து பார்த்தால் குழாய்த் துவக்கு மாதிரியே இருக்கும். அதைப் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குக் கொடுத்துவிட்டேன். வேட்டைக்காரருக்கு வேண்டியது கண்ணில் படாத பை. எனக்கோ அரை மைல் தூரத்திலேயே தெரியும் பை வேண்டும். யாரும் கேட்க முதல் நானே முழுதாகத் திறந்து காட்டக்கூடிய பை வேண்டும்.

கெலிஓயாவில் பாரூக் நானா என்று ஒருவர் பள்ளிக்கூடப் பையும் வேன் சீட் உறையும் தைக்கிறார். கம்பளை பஸ்ஸில் போய், கடைவீதியில் இறங்கிக் கேட்டால் காட்டுவார்கள். சேணத்தை மேசையில் விரித்தேன்.

"இது என்னத்துக்கு மிஸ்?"

"மரத்தில தொங்கியிருக்கிறதுக்கு நானா. குருவி படம் எடுக்கப் போறன்."

"குருவிக்கு இவ்வளவு சாமானா!" என்று சிரித்தார். பிறகு துணி பற்றி எங்களுக்குள் வாக்குவாதம் வந்தது. "கறுப்புல தைப்பம் மிஸ். மஞ்சள் ஒரு நாள்ல ஊத்தையாகிரும்."

"ஊத்தையானா கழுவலாம் நானா. கறுப்புப் பையோட நான் ஒருக்கா ரோட்டோரம் குந்தியிருந்து பார்த்திட்டன்."

அவர் உள்ளே போய் லொறிக்குப் போடும் மஞ்சள் படங்குத் துணியை எடுத்து வந்தார். மூன்று பக்கமும் சிப் வைத்து, புத்தகம் போல விரியும்படி தைத்தோம். உள்ளே ஒவ்வொரு சாமானுக்கும் ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் பொக்கெற். ஏணித் துண்டுகள் நீட்டாமல் கிடக்கக் குறுக்கே ஓர் அறை. இடுப்புப் பட்டிக்குப் பழைய வேன் ஒன்றின் சீட் பெல்ட். முதல் தையல் பிசகிவிட்டது. பதினொரு கிலோவைப் போட்டுத் தூக்கியதும் தோள்பட்டி அடியோடு பிய்ந்தது. "ஸ்கூல் புத்தகத்துக்குத் தச்ச கை மிஸ், பழக்கத்துல தச்சிட்டேன்" என்று தலையைச் சொறிந்துகொண்டு இரட்டைத் தையல் போட்டார். இரும்புத் துண்டுகள் ஒன்றோடொன்று மோதாமல் சைக்கிள் ட்யூப்பை வெட்டிச் சுற்றினேன். மொத்தம் ஆயிரத்து எண்ணூறு ரூபா.

இரண்டாம் தரம் பஸ் வேண்டாம் என்று கணேசனின் ஓட்டோவைப் பிடித்தேன். கணேசன் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து கண்டி டவுனில் ஓட்டோ ஓடுகிறவர். நல்ல சிங்களம் பேசுவார். நான் மேலே தொங்கும்போது கீழே நிற்கவும் ஒரு ஆள் வேண்டுமே. விடிய ஐந்தரைக்குப் புறப்பட்டோம்.

அதே சாவடி. இந்தத் தரம் பையைச் சோதித்தது ஒரு இளம் பெண் சிப்பாய். அவள் கேட்க முன்னரே பையை மேசையில் வைத்து, மூன்று பக்கமும் சிப்பை இழுத்து விரித்தேன். ஒரு சாமான் கூட வெளியே விழவில்லை. எல்லாம் கண்ணாடிக்குள் வைத்த மாதிரி கிடந்தன.

"மிஸ், இது பரசூட்டா?" என்று சிங்களத்தில் கேட்டாள்.

"இல்லை தங்கச்சி, மரத்தில் உட்காருகிற சேணம். பறவைக்கூடு படம் எடுக்க" என்று எனக்குத் தெரிந்த சிங்களத்தில் சொன்னேன்.

மேலதிகாரியைக் கூப்பிட்டாள். அவர் ஏணித் துண்டு ஒன்றை எடுத்து, "ஏன் இதற்கு ரப்பர் சுற்றியிருக்கிறது?" என்றார்.

"சத்தம் கேட்டால் பறவை கிட்ட வராது, சேர்."

என்னையும் சேணத்தையும் மாறி மாறிப் பார்த்தார். "நீங்களா ஏறப்போகிறீர்கள்?"

"நான்தான்."

"விழுந்துவிடாதீர்கள்" என்று சொல்லிவிட்டுப் போனார். எல்லாம் பத்து நிமிடம்கூட இல்லை. நானே சிப்பை இழுத்து மூடினேன். ஓட்டோ நகர்ந்த பிறகுதான் பையை மடியிலிருந்து இறக்கி வைத்தேன். "அக்கா, அடுத்த தடவ மூச்சு விட்டுக்கிட்டே நில்லுங்க. நீங்க நின்னதப் பாத்து நானும் மூச்ச அடக்கிக்கிட்டேன்" என்றார் கணேசன். இருவரும் சிரித்தோம். விக்டோரியா நீர்த்தேக்கம் இடப்பக்கமா வலப்பக்கமா வந்ததென்று கேட்காதீர்கள். அவ்வளவு சந்தோசத்தில் இருந்தேன்.

தோட்டத்தில் மாமரத்துக்கு எதிரே நேரான மகோகனி ஒன்று நிற்கிறது. கூடு இருக்கும் மரத்தில் ஒருபோதும் ஏறாதீர்கள்; எதிர்மரம்தான் சரி. ஏணித் துண்டை ஒவ்வொன்றாக இறுக்கி இருபதடி ஏறினேன். பையைக் கயிற்றில் மேலே இழுத்துக் கொப்பில் மாட்டி, மஞ்சள் தெரியாமல் பழைய பச்சைச் சேலைத் துண்டால் மூடினேன். சேணத்தில் சாய்ந்து காத்திருந்தேன். கால் மரத்தது, எறும்பு கடித்தது. ஆண் பறவை ஆலம்பழத்தோடு மூன்று நான்கு தரம் வந்து போனது.

மத்தியானம் கடந்ததும் துளையின் ஓரத்திலிருந்து ஒரு மண்கட்டி உதிர்ந்தது. பிறகு ஒரு அலகு. உள்ளிருந்து டொக், டொக் என்ற சத்தம் எனக்கே கேட்டது. சுவரில் பாதி இடிந்ததும் தாய் பிதுங்கி வெளியே வந்து, கசங்கிய சிறகை ஒரு தரம் உதறிவிட்டுப் பறந்தது. வாசலில் குஞ்சின் தலை தெரிந்தது. அது எட்டிப் பார்த்தது, உள்ளே போனது, மறுபடி எட்டிப் பார்த்தது. ஆண் பறவை பழத்தைக் கொண்டுவந்து கொடுக்காமல் பக்கத்துக் கொப்பில் வைத்துக்கொண்டு கூப்பிட்டது. குஞ்சு குதித்தது. விழுகிறது என்றுதான் நினைத்தேன். நடுவழியில் சிறகு விரிந்து கொப்பைப் பிடித்துக்கொண்டது. நான் விடாமல் படம் எடுத்தேன்.

இறங்கியதும் கமராத் திரையில் மாமாவுக்கும் கணேசனுக்கும் காட்டினேன். மாமா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முதலிலிருந்து பார்த்தார். பிறகு இன்னொரு தரம் பார்த்தார்.

"அடுத்த வருடமும் வருமா மகள்?"

"பெரும்பாலும் இதே பொந்துக்குத்தான் வரும் மாமா."

அவர் மரத்தைப் பார்த்தார், கொட்டிலைப் பார்த்தார். "அப்படியென்றால் மாட்டுக் கொட்டிலைத்தான் நகர்த்த வேண்டும்" என்றார். கணேசன் அங்கேயே நின்று கைதட்டினார்.

போக நினைக்கிறவர்களுக்கு: காட்டுக்குள் அனுமதியில்லாமல் போகாதீர்கள், தனியார் தோட்டமே போதும். கிராம சேவகருக்கு முதல் நாளே சொல்லிவிடுங்கள். பை வாங்கும்போது எத்தனை லீற்றர் கொள்ளும் என்று பார்ப்பதைவிட எப்படித் திறக்கும் என்று பாருங்கள். பாரமானதை முதுகோடு ஒட்டி அடியில் வையுங்கள், கமராவைக் கடைசியில். தனியே ஏறவே வேண்டாம்.

பயம் போய்விட்டதா என்று கேட்டால், இல்லை. அடுத்த சாவடியிலும் பயப்படத்தான் செய்வேன். ஆனால் அந்தப் பயத்தோடேயே போய், நினைத்ததை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். குஞ்சு கொப்பைப் பிடித்த அந்த நொடியில், இருபதடி உயரத்தில் கயிற்றில் தொங்கிக்கொண்டு, ஊர் கேட்க வாய்விட்டுச் சிரித்தேன். கடைசிப் படம் கொஞ்சம் ஆடியிருப்பது அதனால்தான். அதை அழிக்கப் போவதில்லை.