கை பொறுக்கும் சூடு

தடிமன் அளக்கும் மைக்ரோமீட்டரைப் பிடிக்கக் கற்றுக்கொண்ட முதல் மாதம் முழுக்க எனக்குப் பயமாகவே இருந்தது. டிப்ளமோ முடித்துப் பல வருஷம் வீட்டில் இருந்துவிட்டு, பிள்ளைகள் பெரிய வகுப்புக்குப் போன பிறகு, புதுக்கோட்டைக்கு வெளியே ஒரு சின்னப் பட்டறையில் இன்ஸ்பெக்ஷன் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். அங்கே பம்புகளுக்குள் சுழலும் இரும்புத் தண்டுகளான ஷாஃப்டுகளை லேத்தில் கடைவார்கள். அவற்றை அளந்து, சரியானதற்கு மட்டும் சீல் போட்டு அனுப்புவது எங்கள் வேலை. கந்தர்வக்கோட்டையிலிருந்து பஸ் ஏறும்போதே உள்ளங்கை வியர்க்கத் தொடங்கிவிடும்.

எனக்குச் சொல்லிக்கொடுத்த இன்ஸ்பெக்டர் என்னைவிட வயதில் சின்னவர். "இறுக்காதீங்கக்கா. பின்னாடி இருக்குற ராட்செட் திருகு கிளிக்குன்னதும் விட்டுருங்க. நீங்க அழுத்துனா அது பொய் சொல்லும்" என்பார். மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கை அங்கே பாயிண்ட் என்பார்கள். ஷாஃப்டின் தடிமன் சொன்ன அளவைவிட ரெண்டு பாயிண்ட் வரை குறையலாம். அதற்கும் கீழே போனால் குப்பைதான். என் தலைமுடி ஒன்றை அளக்கச் சொன்னார்; ஏழு பாயிண்ட் காட்டியது. அன்றிலிருந்து பயம் கூடியதே தவிரக் குறையவில்லை.

ஒருநாள் அவர் திருச்சிக்குப் போயிருந்தார். சாயங்காலம் லேத் ஆபரேட்டர் ஒரு ட்ரே நிறைய ஷாஃப்டுகளைத் தானே தூக்கிக்கொண்டு வந்தார். அங்கே இருப்பவர்களில் மூத்தவர் அவர்தான்.

"ஏம்மா, சட்டுன்னு பாத்து விட்ரு. வண்டி நிக்கிது."

அளந்தேன். ஒன்றரை பாயிண்ட் குறைவு. அடுத்ததும் அப்படியே. எல்லாம் சரிதான். மேலும் ஒன்றை எடுத்தபோது, காய்ச்சல்காரப் பிள்ளையின் நெற்றியைத் தொட்டதுபோல் இருந்தது.

"அண்ணே, சூடா இருக்கே."

"சூடு தணிய கூலண்ட் ஊத்துற மோட்டார் மத்தியானமே நின்னுபோச்சு. கை பொறுக்குற சூடுதான."

"ஆறுனா சுருங்கும்லண்ணே."

"நீ பள்ளிக்கூடம் போறப்பலேர்ந்து நான் இந்த மெஷின்ல நிக்கிறேன். அளவு சரியா வருதா இல்லையா?"

"வருது."

"அப்ப சீலப் போடு."

இன்ஸ்பெக்டருக்குப் போன் அடித்தேன். அவர் எடுக்கவில்லை. வெளியே வேன் டிரைவர் ஹாரன் அடித்தார். ஆறிய பிறகும் அதே அளவு வந்தால்? வந்து ஒரு மாதம்கூட ஆகாதவள் ஒன்றுமில்லாததற்கு வண்டியை நிறுத்தினாள் என்று ஆகிவிடும். இருந்தாலும் சீல் பக்கம் கை போகவில்லை. ஷாஃப்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து அளவு மேஜையிலிருந்த கிரானைட் கல்லின் மேல் ஆறப் பரப்பினேன்.

"மொதலாளி கேட்டா நான் என்ன சொல்ல?" என்றார் ஆபரேட்டர்.

"நாந்தான் நிறுத்தி வச்சேன்னு சொல்லுங்கண்ணே" என்றேன்.

அவர் கையைக் கட்டிக்கொண்டு அங்கேயே நின்றார். ஷாஃப்டும் கல்லும் தொட்டால் ஒன்றுபோல் ஆகும்வரை காத்திருந்தேன். என் கைச்சூடு படாமலிருக்க மைக்ரோமீட்டரை ஸ்டாண்டில் மாட்டி அளந்தேன். இரண்டரை பாயிண்ட் குறைவு காட்டியது. நம்ப முடியாமல் ஜீரோ சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு மறுபடி அளந்தேன். இரண்டரைதான்.

ஆபரேட்டர் என்னை நகரச் சொல்லிவிட்டு, துணியால் துடைத்துத் தானே அளந்தார். இன்னொன்றை எடுத்தார். பிறகு இன்னொன்று. கடைசியில், "ட்ரேயக் கொண்டா இங்கிட்டு" என்றார். காலையில் கடைந்த சரக்கோடு வேன் கிளம்பியது. மத்தியானத்துக்குப் பிறகு அவர் கடைந்தது மொத்தமும் கழிவுக்குப் போனது. அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. சூட்டைக் கவனிக்காமல் சீல் போட்டிருந்தால் என்ற நினைப்பு பஸ்ஸில் வீடு வரைக்கும் கூடவே வந்தது.

மறுநாள் இன்ஸ்பெக்டர் விசாரித்தார். "நாந்தான் அவசரப்பட்டேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு ஆபரேட்டர் லேத்துக்குப் போய்விட்டார்.

அன்றிலிருந்து ஆபரேட்டரே ஷாஃப்டுகளைக் கல்லில் பரப்பி வைத்து, "ஆறிருச்சும்மா, வந்து பாரு" என்று கூப்பிடுவார். ஒவ்வொரு தடவையும் எழுந்து போவேன். பயம் மட்டும் இன்னும் போகவில்லை; ஷாஃப்டையும் கல்லையும் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் மைக்ரோமீட்டரை எடுப்பேன்.