பார்சல் கடை நாட்காட்டியில் அக்கா

அந்த டிசம்பரில் லண்டனில் பாதித் தமிழர் வீடுகளின் சுவரில் என் அக்கா அந்தரத்தில் நின்றாள். மிகைப்படுத்திச் சொல்வது எங்கள் பரம்பரை வியாதி. பாதி என்பதை ஒரு இருநூறு வீடு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வட லண்டனில், எட்மண்டனில் எங்கள் தெருமுனையில் ஒரு பார்சல் கடை இருந்தது. ஊருக்குப் பால்மாவும் சவர்க்காரமும் அனுப்புகிறவர்கள் எல்லோரும் அங்கேதான் போவார்கள். கடைக்காரர் வருடம் முடிய ஒவ்வொருவருக்கும் ஒரு தினநாட்காட்டி கொடுப்பார். அதன் அட்டையில் ஒரு வருடம் மாதா வருவார், மறுவருடம் முருகன் வருவார். அந்த வருடம் இருவரையும் ஓய்வெடுக்கச் சொல்லிவிட்டு அக்காவின் படத்தைப் போட்டுவிட்டார். அக்கா கோல் கீப்பர். உடம்பு முழுவதும் தரையைவிட்டு எழும்ப, இரண்டு கைகளாலும் பந்தைப் பிடித்திருந்தாள். கீழே சிவப்பு எழுத்தில் "உங்கள் பார்சல் எங்கள் கைகளில் பத்திரம்" என்றிருந்தது.

படத்தைக் கொடுத்தது அப்பா. பாண் சுடுகிற தொழிற்சாலையில் இரவு ஷிப்ட் செய்துவிட்டு வரும் வழியில், நித்திரைக் கண்ணோடும் பெருமையோடும் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறார். மன்னாரில் இருந்த அத்தைக்குக் கிறிஸ்து பிறப்புக்காக நாங்கள் அனுப்பும் நத்தார்ப் பெட்டிக்கு அந்த முறை கடைக்காரர் கூலி வாங்கவில்லை. உங்கட பிள்ளையின்ர படத்தை வைச்சு யாவாரம் செய்துகொண்டு உங்களிட்டையே காசு வாங்கினால் நான் மனுசனோ என்று கேட்டாராம். அப்பா மேலும் வற்புறுத்தவில்லை. எங்களுடைய ஆட்களுக்குள் அப்படி வற்புறுத்தினால் அதுவே பகையாகிவிடும்.

அக்கா அதற்கு முந்தைய வருடம்தான் அமெரிக்காவில் ஒரு கல்லூரிக்குப் போயிருந்தாள். பந்து பிடிக்கிற கெட்டித்தனத்துக்காகப் படிப்பு, அறை, சாப்பாடு எல்லாம் அவர்கள் செலவு. அவள் நத்தாருக்கு வீட்டுக்கு வந்தபோது நான் ஒன்பது வயதுக்குரிய அவசரத்தோடு அவளை அம்மா சமைத்துக்கொண்டிருந்த குசினிக்கு இழுத்துக்கொண்டு போய்ச் சுவரைக் காட்டினேன். அவள் சந்தோஷத்தில் குதிப்பாள் என்று நினைத்தேன். அவளோ அட்டையை அப்படியே ஆணியோடு பிடுங்கினாள்.

"இதுக்கு அவர் ஏதும் தந்தவரோ?" என்று அப்பாவைக் கேட்டாள்.

பெட்டிக் கதையை அப்பா சிரித்துக்கொண்டே சொன்னார். அக்கா கதிரையில் இருந்துவிட்டாள். பிறகு அவள் தமிழிலும் ஆங்கிலத்திலும் மாறிமாறிச் சொன்னதன் சுருக்கம் இதுதான். கல்லூரிக்கு விளையாடுகிறவர்கள் தங்கள் பெயருக்கோ முகத்துக்கோ ஆட்டத்துக்கோ வெளியில் ஒருவரிடமும் எதுவும் வாங்கக்கூடாது. வாங்கவில்லை என்று ஒவ்வொரு படிப்புத் தவணையும் கையெழுத்துப் போடவேண்டும். வாங்கியது தெரிந்தால் உதவித்தொகை போய்விடும். அது போனால் அந்த ஊரில் அவளை ஒரு மாதம்கூட வைத்திருக்க எங்களால் முடியாது என்பது எனக்கே தெரியும்.

அம்மா முதலில் நம்பவில்லை. அத்தைக்குப் போன பால்மா அக்காவின் சம்பளமாவது எப்படி என்று கேட்டார். அப்பா மட்டும் உடனே கல்லூரியின் பக்கம் சாய்ந்தார். பிழை தன்னுடையது என்றார். அதோடு நிறுத்தியிருக்கலாம்.

"படிப்புக் குடுக்கினம், படுக்க இடம் குடுக்கினம், மூண்டு நேரமும் சாப்பாடு போடினம். இதுக்கு மேல ஒராள் என்னத்தைக் கேக்கிறது?"

அக்காவுக்குக் கோபம் வந்துவிட்டது. விடிய ஐந்து மணிக்குப் பனியில் விழுந்து எழும்புவது யார் என்று கேட்டாள். சனங்கள் காசு கொடுத்து ஆட்டம் பார்க்க வருகிறார்கள், பயிற்சியாளர் பெரிய வீட்டில் இருக்கிறார், கல்லூரி தன் விளம்பரப் பலகையில் அவளுடைய படத்தைத்தான் பெரிதாகப் போட்டிருக்கிறது என்றாள். "எல்லாரும் என்ரை முகத்தை விக்கலாம் அப்பா. நான் மட்டும் விக்க ஏலாது."

நன்றி மறக்கக்கூடாது என்று அப்பா சொன்னார். அக்கா கதவை அடித்துச் சாத்தினாள். இன்று அங்கே விதிகள் மாறிவிட்டதாகவும், மாணவர்கள் தங்கள் படத்தை வைத்து உழைக்கலாம் என்றும், விசாவில் போகிற வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கு மட்டும் இன்னும் சிக்கல் என்றும் சொல்கிறார்கள். அன்று எங்கள் வீட்டில் இருந்த விதி, அப்பா சொன்னால் சரி என்பதுதான்.

மறுநாள் தொடங்கியது எங்கள் படையெடுப்பு. அப்பா கூலியைக் கட்டப் போனார். கடைக்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டு, காசைத் தொடவே மாட்டேன் என்றார். எஞ்சியிருந்த நாட்காட்டிகளை மட்டும் மனத்தாங்கலோடு உள்ளே எடுத்து வைத்தார். வெளியே போனவற்றைத் திருப்பிக் கேட்கலாம் என்று அப்பா நினைத்தது பெரிய பிழை. தைப்பொங்கல் எப்போது, ராகுகாலம் எப்போது என்று பார்க்கிற சாமானை ஒரு தமிழ் வீட்டிலிருந்து கழற்றுவது லேசான காரியமா? ஒரு வீட்டில் மாமனாரின் திவசத்துக்கு வட்டம் போட்டாயிற்று. இன்னொரு வீட்டில் சீட்டுக் கட்டுகிற நாளெல்லாம் குறித்தாயிற்று. ஒருவரும் தரமாட்டோம் என்றார்கள்.

அம்மாதான் வழி கண்டுபிடித்தார். அக்காவின் படத்துக்கு மேலே சாமிப் படத்தை ஒட்டிவிடுவது. எங்கள் பங்குக் கோயிலில் ஒரு கட்டு மாதா படம் கிடைத்தது. சைவ வீடுகளுக்கென்று ஒரு கட்டு முருகன் படம் வாங்கினோம். ஒட்டும் வேலை எனக்கு. அப்பா நித்திரையில்லாமல் காரோட்ட, அக்கா முன்னால் வீடுகளின் பட்டியலை மடியில் வைத்திருக்க, நான் பின்னால் பசைக்குழாயும் தெய்வங்களுமாக இருந்தேன். வீடு வீடாக ஏறி இறங்கினோம். தேத்தண்ணி குடிக்கச் சொன்னவர்களிடம் நேரமில்லை என்றோம், அவர்கள் கோபித்தார்கள். லண்டனின் மறுகோடியில் சட்டனில் இருந்த பெரியம்மா நான் ஒட்டுவதைப் பார்த்துக்கொண்டு நின்று, பிள்ளைக்குக் கலியாணம் பேசி வந்திருக்கோ, அதுதான் படத்தை மறைக்கிறியளோ என்று அம்மாவுக்குப் போன் போட்டுக் கேட்டார். அந்த வதந்தியை அணைக்க இன்னும் இரண்டு நாள் போனது.

எனக்கு அது நல்ல விளையாட்டாக இருந்தது. அக்காவின் மூக்கில் சரியாக மாதாவின் பாதம் வருகிற மாதிரி ஒட்டுவதில் தேர்ச்சி பெற்றுவிட்டேன். புதுவருடமும் பிறந்து, அக்கா திரும்பிப்போக இன்னும் மூன்று நாள்தான் இருந்தது. பட்டியலில் பாதி வீடுகூட முடியவில்லை. அவள் நகத்தைக் கடித்துக் கடித்து விரல் நுனியெல்லாம் சிவந்திருந்தது.

ஆர்ச்வேயில் ஒரு வீட்டில் ஆறேழு வயதுச் சிறுமி ஒருத்தி இருந்தாள். நான் முருகனோடு கிட்டப் போனதும் அவள் ஓடிவந்து நாட்காட்டிக்கு முன்னால் நின்று இரண்டு கையையும் விரித்துக்கொண்டாள். விலகச் சொன்னேன், விலகவில்லை. அவளுடைய தாய், ஒவ்வொரு நாளும் தாள் கிழிக்கிறது அவள்தான், கிழித்துப்போட்டு அந்த அக்கா மாதிரி கட்டிலில் பாய்கிறாள் என்று வெட்கத்தோடு சொன்னார். கதவடியில் நின்ற அக்காவை அதுவரை அந்தச் சிறுமி கவனிக்கவில்லை. கவனித்ததும் கையை விரித்தபடியே அழத் தொடங்கினாள்.

"விடு," என்று அக்கா என்னிடம் சொன்னாள். "ஒட்டாத. வீட்டை போவம்."

அன்று பின்னேரமே அவள் நடந்தது முழுவதையும் கல்லூரிக்கு எழுதி அனுப்பினாள். அப்பா தடுக்கவில்லை. பதில் வரும்வரை வீட்டில் ஒருவரும் ஒழுங்காகச் சாப்பிடவில்லை. உதவித்தொகை தப்பியது. அடுத்த பருவத்தில் முதல் ஐந்து ஆட்டங்களுக்கு அவள் இறங்கக்கூடாது, பார்சல் கூலியை ஏதாவது தருமத்துக்குக் கொடுக்கவேண்டும் என்று தீர்ப்பாயிற்று. அப்பா கோயிலில் மெழுகுதிரி கொளுத்தினார். பெரிய மனசுக்காரர் என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் கல்லூரியைப் புகழ்ந்தார். அக்கா அந்த ஐந்து ஆட்டங்களையும் கோட்டுக்கு வெளியே குந்தியிருந்து பார்த்தாள்.

அந்த இலையுதிர் காலத்தில் என் பிறந்தநாளுக்கு அவளிடமிருந்து ஒரு பொதி வந்தது. உள்ளே கல்லூரியின் சட்டை இருந்தது. முதுகில் அவளுடைய எண்ணான ஒன்று, பெரிதாக வெள்ளையில். நான் உடனே போட்டுக்கொண்டு சோபாவிலிருந்து பாய்ந்தேன். அப்பா என்னைப் பிடித்து நிறுத்தி, கழுத்தில் தொங்கிய விலைச்சீட்டைப் பார்த்தார். பிறகு அக்காவுக்குப் போன் எடுத்தார்.

"இது நீ காசு குடுத்தோ வாங்கினனீ?"

"ஓம் அப்பா. கல்லூரிக் கடையிலதான். கன பேர் வாங்குகினம்."

"உன்ரை நம்பர்தானே. உனக்கும் அதே விலையோ?"

"ஓம் அப்பா."

அப்பா சாப்பிட்டியோ என்றுகூடக் கேட்காமல் போனை அம்மாவிடம் கொடுத்தார். என்னைத் திருப்பி நிறுத்தி, முதுகில் அந்த ஒன்றுக்கு மேலே வெறுமையாக இருந்த இடத்தை விரலால் தடவினார். அங்கே பெயர் இல்லை. அக்காவின் பெயருக்குப் பின்னால் வருவது அப்பாவின் பெயர், எனக்கும் அதுதான். பெயரைப் போட்டு விற்றால் அந்தக் காசில் அவளுக்கும் பங்கில்லையா என்ற கேள்வி வரும், அதனால்தான் எண்ணை மட்டும் போட்டிருக்கிறார்கள் என்று அப்பாவுக்கு அப்போது விளங்கியிருக்க வேண்டும். அவர் முகம் வாடியதைப் பார்த்து எனக்குப் பாவமாக இருந்தது. பள்ளிக்கூடத்தில் ஆசிரியை எங்கள் பெயரைப் பாதியில் விட்டுவிடுவது எனக்குப் பழக்கமானதுதான். அதனால் அப்பாவுக்கு நான் ஆறுதல் சொன்னேன். எங்கட பேர் நீளம் அப்பா, சட்டையில இடம் காணாமல் போயிருக்கும் என்றேன்.