கொடியேற்றம் முதல் சப்பரம் வரை

மீன்பெட்டிப் பலகையில் கூடு அடித்து ஆம்ப்ளிபையர் செய்தவன் நான். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன், தூத்துக்குடி துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஓலைக் கொட்டகை போட்டுப் பட்டறை தொடங்கினேன். எழுபதுகளில் எல்லாருடைய மைக் செட்டையும் உப்புக்காற்று தின்றுகொண்டிருந்தபோது, வள்ளத்துப் பலகை இடுக்கில் பூசும் குங்கிலியத்தை உருக்கிச் செம்புக்கம்பிச் சுருளின்மேல் உப்பேறாதபடி ஊற்றி, புன்னைக்காயலில் பத்து நாள் திருவிழாவும் என் பெட்டியைப் பாடவைத்தேன். இதை எனக்கு எவரும் சொல்லித் தரவில்லை.

அந்தச் சத்தத்தைக் கேட்டுத்தான் ஒரு என்ஜினியர் என்னைத் தேடி வந்தார்; வயதில் இளையவர், தம்பி என்றே கூப்பிட்டேன். படித்தவர், மெதுவாகப் பேசுகிறவர். சேர்ந்து கம்பெனி தொடங்கலாம் என்றார், சம்மதித்தேன். ஆனால் முதல் நாளே ஒரு ஸ்குரூவைக்கூடத் தொடாமல் பேனாவைத் திறந்தார். எனக்குச் சந்தேகம் தட்டியது.

"கம்பெனி எதுக்கு இருக்குன்னு எழுதி வாசல்ல மாட்டணும் அண்ணாச்சி. இன்னைக்கு என்ன செய்யுதோம், நாளைக்கு எங்க போய் நிக்கப்போறோம், ரெண்டும் வரணும்."

'நவீன விஞ்ஞானத்தால் இசையின் எல்லைகளை விரிப்போம்' என்று எழுதி வாசித்தார்.

"பெரியதாழையில எல்லைய விரிச்சா கடலுக்குள்ளல்லா போயிருவ தம்பி!" என்றேன். "கொடியேத்தத்துக்குப் பாடுன பெட்டி கடைசி நாள் சப்பரத்துக்கும் பாடணும். அதான் இன்னைக்கு வேலை. நாளைக்கு, கன்னியாகுமரி தொட்டு ராமேஸ்வரம் வரைக்கும் எந்தக் கோயில்லயும் பாதித் திருநாள்ல பாட்டு நிக்கப்படாது."

பேனா ஓடியது. ஒரு சொல்லையும் அவர் மாற்றவில்லை. இவ்வளவு படித்தவர் என் பேச்சை ஏன் திருத்தவில்லை? சந்தேகம் இன்னும் பெருத்தது. கீழே இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டு, அந்தப் பெயர்களோடு பலகையில் எழுதுவோம் என்றார். என் அப்பா யாரோ நீட்டிய தாளில் கைநாட்டு வைத்து வள்ளத்தை இழந்தவர். தாளைப் பிடுங்கிக்கொண்டு கோயிலில் ஜெபம் சொல்லித்தரும் உபதேசியாரிடம் ஓடினேன். அவர் இரண்டு தடவை வாசித்தார்.

"நீரு சொன்னதுதான்வே இருக்கு."

"நான் சொல்லாதது எங்க இருக்கு?"

"திருப்பிப் பாரும்" என்று சிரித்தார். திருப்பிப் பார்த்தேன், வெயிலில் தூக்கிப் பிடித்தும் பார்த்தேன். ஒன்றுமில்லை. ஒன்றுமில்லாத தாளுக்கு என் கையெழுத்து எதற்கு என்று அதற்கும் பயந்தேன். போட மறுத்துவிட்டேன். பெயிண்டர், தம்பியின் பெயரை மட்டும் எழுதினார்.

பட்டறை கைமாறவில்லை. அவர் கடைசிவரை என்னை ஏமாற்றவில்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இன்று அவருடைய மகன், வருகிறவர்களிடம் அந்தப் பலகையைக் காட்டி, "எங்கப்பா யோசிச்சு எழுதுனது" என்கிறான். நான் பக்கத்தில் நிற்கும்போதே சொல்கிறான். தெரியாமல் சொல்கிறானா, தெரிந்தே சொல்கிறானா?

கையெழுத்துப் போடாதது என் தப்பு. அதற்காகச் சொன்னவன் ஊமையாகிவிடுவானா? தம்பியின் பெயரை அழிக்க வேண்டாம். எழுதிய கை அவருடையது. சொன்ன வாய் என்னுடையது. கம்பெனி ஆபீஸ்காரர்களே, பலகையில் என் பெயர் அதற்கு மேலே வரவேண்டும். எழுதி முடித்ததும் சொல்லியனுப்புங்கள், நானே வந்து எழுத்துக்கூட்டிப் பார்த்துக்கொள்கிறேன்.