உட்காராமல் கொடுத்த பத்திரிகை

ஆஸ்பத்திரிச் சீட்டில் காளிச்சாமியைப் பற்றி இப்படி எழுதியிருந்தது: “ஆண், வயது 57. இடுப்பில் முதுகெலும்புத் தட்டு (டிஸ்க்) பிதுங்கி இடது கால் நரம்பை அழுத்துகிறது. நோயாளியால் நிற்கவோ நடக்கவோ இயலாது.” சீட்டு கொடுத்த பத்தாம் நாளிலிருந்து அன்னூர்ப் பக்கம் அவரைப் பார்த்தவர்கள் எல்லோரும் நின்றபடியோ நடந்தபடியோதான் பார்த்தார்கள். அவரால் முடியாமல் போனது உட்காருவது மட்டும்தான்.

உட்கார்ந்தால் இடுப்பில் கிளம்பும் வலி, தொடை, கெண்டைக்கால் என்று இறங்கிக் கட்டைவிரலில் போய்ச் சுடும். டாக்டர் ஆறு வாரம் தவணை கொடுத்தார். அதற்குள் குறைந்தால் ஆபரேஷன் வேண்டாம். பாதம் தொய்ந்தாலோ சிறுநீர் அடைத்துக்கொண்டாலோ அன்றைக்கே ஓடிவர வேண்டும். காளிச்சாமிக்குத் தவணை புரிந்தது. அவர் பண்ணையில் கோழிக்குஞ்சு வந்து கறியாகிப் போகும் காலமும் ஏறக்குறைய அதுதான்.

“படுத்தே கெடக்காதீங்க, நடங்க. இருவது நிமிசத்துக்கு மேல உக்காராதீங்க. சோபாவுல உக்காரவே வேண்டாமுங்க” என்றார் பிசியோதெரபி பார்த்த இளவேனில்.

சுலபம்தான். ஆனால் ஏழாவது வாரம் மகன் சபரீஷுக்குக் கல்யாணம். பத்திரிகையை வாட்ஸாப்பில் அனுப்பலாம். வருகிறவர்களும் வாட்ஸாப்பிலேயே வந்து போய்விடுவார்கள். புருஷனும் பொண்டாட்டியும் நேரில் போய், உட்கார்ந்து, காப்பி குடித்து அழைப்பதுதான் எங்கள் பக்கத்து முறை. நின்றபடி நீட்டினால் ஏதோ மனத்தாங்கல் என்று அர்த்தம். காலுக்கு ஆகாத ஒன்றே ஒன்றுதான் மரியாதைக்கு வேண்டியதாக இருந்தது.

மனைவி கீதா கார் ஓட்டினார். இருபது நிமிடத்துக்கு ஒருதரம் காளிச்சாமி இறங்கிச் சாலையோரம் நடக்க, கீதா வண்டியைப் பின்னாலேயே உருட்டிக்கொண்டு வருவார். காரமடையில் ஒருவர் பைக்கை நிறுத்திச் சமாதானம் பேசினார்: “ஏனுங்க, அம்மணி பின்னாலயே வர்றாங்கல்ல? ஏறிக்குங்க. எதுன்னாலும் ஊட்டுல போயிப் பேசிக்கலாமுங்க.”

வீடுகளில் பேச்சு ஒரே மாதிரி இருந்தது.

“உக்காருங்க.”

“இருக்கட்டுங்க. நரம்பு இழுக்குதுங்க.”

“நரம்பு எங்கீங்க போயிருது? உக்காருங்க!”

உட்காரும் இருபது நிமிடத்தைக் காரிலேயே செலவழித்துவிட்டதால் அவர் உட்காரவில்லை. நின்றே காப்பி குடித்தார். வீட்டுக்கொரு தைலத்தின் பெயரையும் கேட்டுக்கொண்டார். நான்காவது வாரம் வலி கட்டைவிரலை விட்டுத் தொடைக்கு ஏறியிருந்தது. வலி மேலே ஏறுவது நல்ல அறிகுறி என்றார் இளவேனில். காளிச்சாமியும் நம்பினார்.

பல்லடம் மட்டும் பாக்கி. அங்கே பெரியப்பா மகன் நாச்சிமுத்து இருந்தார். வேலித் தகராறில் பதினொரு வருடம் பேச்சில்லை. “வரச் சொல்லுங்க, பாக்கலாம்” என்று இப்போதுதான் ஆள் மூலம் இறங்கி வந்திருந்தார். அவர் கோபித்துக்கொண்டால் அந்த வகையறாவில் ஒருவரும் மண்டபம் பக்கம் வரமாட்டார்கள்.

நாச்சிமுத்து புதுச் சோபாவைக் காட்டினார். “உக்காரப்பா.”

“இருக்கட்டுங்கண்ணா. காலு செரியில்லீங்க.”

“காலு செரியில்லாதவன்தான் உக்காருவான். என்ற ஊட்டுச் சோபா என்ன கடிக்குதா? அன்னைக்கு வேலியில நின்னுபோட்டுப் பேசுன. இன்னைக்கும் அப்படித்தானா?”

சோபா ஆளையே விழுங்கும் அளவுக்கு மெத்தென்று இருந்தது. நின்றால் அண்ணன் போச்சு. உட்கார்ந்தால் நாலு வாரம் தேற்றிய கால் போச்சு. காளிச்சாமி வேட்டியை இறுக்கிக்கொண்டு நடுக்கூடத்தில் குப்புறப் படுத்து, முழங்கைகளை ஊன்றித் தலையைத் தூக்கினார். இளவேனில் சொல்லிக்கொடுத்து, தினமும் மூன்று வேளை செய்யும் பயிற்சிதான்.

நாச்சிமுத்து பதறி எழுந்தார். “அட, எந்திரிப்பா! வேலிக்குப் போயி கால்ல உழுவாங்களா? என்ற பேருலயும் தப்பிருக்குதப்பா!”

“கால்ல உழுகலீங்கண்ணா, இது—” என்று தொடங்கியவரைக் கீதா வலியில்லாத காலில் லேசாக இடித்தார்.

நாச்சிமுத்து தம்பிக்கு எதிரே தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்தார். “காப்பிய இங்கியே கொண்டாங்க” என்று உள்ளே பார்த்துச் சொன்னார்.

காளிச்சாமி குப்புறப் படுத்தபடியே காப்பி குடித்தார், கல்யாணத்துக்கு அழைத்தார், அரைமணி நேரம் பேசிவிட்டு எழுந்து நடந்தார். ஆறு வாரம் முடிந்ததும் டாக்டர் ஆபரேஷன் வேண்டாம் என்றார். கல்யாணத்துக்கு நாச்சிமுத்து வகையறா முழுக்க வந்தது. காளிச்சாமி காலையிலிருந்து மண்டப வாசலில் நின்று எல்லோரையும் வரவேற்றார்.