கிளச் கால்

வட்டவடையிலிருந்து மூணாறுக்குக் கேரட் மூட்டை ஏற்றிப்போகும் ஜீப்காரனுக்கு இடது முழங்கால் போனால் பிழைப்பே போனதுதான். கிளச்சை யார் மிதிப்பது? மூட்டைகளைக் கட்டிவிட்டு மேலிருந்து சேற்றில் குதித்தேன். பாதம் புதைந்து நின்றது, உடம்பு மட்டும் திரும்பிவிட்டது. முட்டிக்குள் தசைநார் அறுந்துவிட்டது, தொடையிலிருந்தே ஒரு நாரை எடுத்து உள்ளே இழுத்துக் கட்டவேண்டும் என்றார்கள்.

ஆபரேஷனுக்கு இடுப்புக்குக் கீழே மட்டும் மரக்க ஊசி போட்டார்கள். விழித்துக்கொண்டுதான் கிடந்தேன். முகத்துக்கு முன்னால் பச்சைத் துணி. அந்தப் பக்கம் என் காலை மடக்கி நீட்டிப் பார்த்தார்கள். "இது போதும், கெட்டலாம்" என்றார் டாக்டர். போதுமா? வளைவில் கயிறு தளர்ந்தால் கேரட் முழுக்கப் பள்ளத்தில் அல்லவா கிடக்கும்!

"சார், இன்னும் கொஞ்சம் இழுத்துக் கட்டுங்க!" என்று கத்திவிட்டேன்.

அந்தப் பக்கம் சிரிப்பு. "சேட்டா, மூட்டை கெட்டுற மாதிரி முறுக்கினா கால் நீளாது. தளர்த்தினா முட்டு ஆடும். நடுவுல நிறுத்தணும். பேசாம கிடங்க."

பேசாமல் கிடப்பது எனக்கு வராத வேலை. வீட்டில் படுத்திருக்க, என் ஜீப்பை மச்சினன் ஓட்டினான். மேட்டில் அவன் அரைக் கிளச்சில் உறுமவிடும் சத்தம் கேட்கும்போதெல்லாம் பல்லைக் கடிப்பேன். கட்டு தளர்ந்திருக்குமோ என்ற பயம் வேறு. கெண்டைக்காலைப் பிடித்து ஆட்டி ஆட்டிப் பார்ப்பேன்.

"குரங்குப் புண்ணு ஆறுன மாதிரிதான். கைய எடுங்க" என்பாள் மனைவி.

நீட்டினால் அறுந்துவிடும் என்று காலை நீட்டவே மாட்டேன். குளிருக்கு இதமாக அவளும் முட்டிக்கு அடியில் கம்பளியை மடித்து வைத்துவிடுவாள். அடுத்த முறை ஆஸ்பத்திரிக்குப் போனபோது கால் நீளவில்லை. பிசியோதெரபி பெண்ணிடம், "அளவுக்கு மேல இழுத்துக் கட்டிட்டாங்க" என்று பாய்ந்தேன். இழுத்துக் கட்டச் சொல்லிக் கத்தியவன் நான்தான் என்பது அப்போது ஞாபகத்துக்கு வரவே இல்லை.

அவள் காலைப் பிடித்துப் பார்த்தாள். "கெட்டினது சரியாத்தான் இருக்கு. கம்பளி வச்சே கிடந்தா முட்டு மடங்கித்தான் நிக்கும். குதிகாலுக்கு அடியில மட்டும் வச்சு, முட்டுமேல கொஞ்சம் கனம் வையுங்க."

கூட வந்திருந்த மனைவிக்கு முகம் வாடிவிட்டது. வீட்டுக்கு வந்ததும் கம்பளியை உருவி என் குதிகாலுக்கு அடியில் தள்ளினாள். துணிப்பையில் பூண்டை நிரப்பி முட்டிமேல் வைத்தாள். உயிர் போகிற வலி. அவளைத் திட்டினேன், பூண்டைத் திட்டினேன். பை மட்டும் நாளுக்கு நாள் கனத்துக்கொண்டே வந்தது.

டாக்டர் ஓட்டலாம் என்று சொன்ன பிறகும் ஜீப் பக்கம் போகத் தைரியம் வரவில்லை. ஒருநாள் காலையில் அவளே சாவியைக் கையில் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தாள். ஸ்டார்ட் செய்தேன். கிளச்சை மிதித்தேன். தரையைத் தொட்டது. கால் முழுசாக நீண்டிருந்தது. கண் கலங்கிவிட்டது எனக்கு. கியர் போட்டுவிட்டேன், ஆனால் காலை எடுக்கப் பயம். எடுக்கும்போது அறுந்தால்? மிதித்தபடியே உட்கார்ந்திருந்தேன்.

அவள் முன்னால் ரோட்டையே பார்த்துக்கொண்டு சொன்னாள்: "மிதிச்சது போதும்ங்க. விடுங்க, வண்டி நகரட்டும்."

விட்டேன்.