விரலின் மேல் கடதாசி

ரமழான் தலைநோன்புக்கு முதல் நாள் என்ட மகனை அறைக்குள்ள வைத்துப் பூட்டினேன். குடி ஒரேயடியாக நிற்கும், முப்பது நோன்பும் பிடிப்பான் என்று நினைத்தேன். இரண்டாம் நாள் அவனுக்கு வலிப்பு வந்தது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடினோம்.

அங்கேதான் அந்த ஆம்பிள நேர்ஸைக் கண்டேன். பாண்டிருப்பு ஊர் ஆள். நரைத்த மீசை, மினுக்கின வெள்ளைச் சட்டை. குடிக்கிறவன் யார் வந்தாலும் ஒரு கேள்வி கேட்கமாட்டார். கையை நீட்டச் சொல்லி, விரல்களின் மேல் ஒரு கடதாசியை வைத்து, அது நடுங்குவதைப் பார்த்துக்கொண்டு நிற்பார்.

மகனை வீட்டுக்கு விடும்போது சொன்னார்: "திரும்பக் குடிச்சா பூட்டாதீங்க உம்மா. ஒரேயடியா நிப்பாட்டினதாலதான் வலிப்பு வந்த. முதல்ல சோறு குடுங்க. பிறகு இஞ்ச கூட்டி வாங்க, மருந்தோட கொஞ்சம் கொஞ்சமாக் குறைப்பம்."

"ஹறாமைக் குறைச்சுக் குடிக்கிறதா தம்பி? எங்கட குடும்பத்துல அப்படி ஒரு கதை இல்ல."

"மகன் உசிர் போய் மௌத்தாப் போனா எதை உம்மா நிப்பாட்டுவீங்க?"

எனக்குச் சரியான கோபம். போயிட்டு வாறன் என்றுகூடச் சொல்லாமல் எழும்பி வந்துவிட்டேன்.

ஆனால் அவர் சொன்னபடிதான் செய்தேன். குடித்துவிட்டு வந்தவனை ஏசாமல் சோறு போட்டேன். கிளினிக்குக்குக் கூட்டிப் போனேன். அதற்குள் அவர் மாற்றலாகிப் போயிருந்தார்.

மகன் இன்னும் முழுக்க விடவில்லை. இந்த வருஷம் பதினொரு நோன்பு பிடித்தான். பதினோராம் நாள் நோன்பு திறந்த பிறகு, கலண்டர் தாளொன்றைக் கிழித்து அவன் விரல்களின் மேல் வைத்தேன். அது அசையவில்லை.

பாண்டிருப்பு வழியாகப் பஸ் போகும்போதெல்லாம், இறங்கி ஏறுகிற நரைத்த மீசைகளைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன்.