அண்ணிக்கு வந்த வாக்காளர் அட்டை

என் அண்ணியைப் பற்றி யார் கேட்டாலும் நான் முதலில் பல்செட் கதையைத்தான் சொல்வேன். ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில் பதினாறு வருஷமாக அவருக்கு விரிப்பு மடிக்கிற வேலை. ஈர விரிப்புகள் சூடான உருளைகளுக்குள் நுழைந்து மறுபக்கம் விறைப்பாக வெளியே வரும். இரண்டு பெண்கள் ஆளுக்கு இரண்டு முனையைப் பிடித்து, நெருங்கி, விலகி, மறுபடி நெருங்கி மடிப்பார்கள். ஒருநாள் தலையணை உறைக்குள்ளிருந்து யாரோ நோயாளியின் பல்செட் விழுந்தது. குப்பையில் போடு என்றார் மேற்பார்வையாளர். அண்ணி அதைக் கழுவி டப்பாவில் போட்டு, சாப்பாட்டு இடைவேளையில் மாடி மாடியாக ஏறி, பொக்கை வாயாகத் தெரிந்தவர்களிடமெல்லாம் "இது உங்களுதா?" என்று கேட்டாராம். மூன்றாம் நாள் உரியவர் கிடைத்தார். பல் இல்லாமலே சாப்பிட அவர் அதற்குள் பழகிவிட்டிருந்தார்.

இந்த நாட்டுக்கு வந்து அண்ணிக்குப் பத்தொன்பது வருஷம். நிரந்தரமாகத் தங்க அனுமதி உண்டு, சம்பளத்தில் வரி பிடிக்கிறார்கள், குடியுரிமை மட்டும் இல்லை. அண்ணனும் நானும் எப்போதோ வாங்கிவிட்டோம். அண்ணி மட்டும் "அடுத்த வருஷம் பாக்கலாம்" என்று தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தார். மனு என்றாலே அவருக்குப் பயம்.

அப்போது நகரசபைத் தேர்தல் வந்தது. நகரசபை நடத்துகிற அந்த ஆஸ்பத்திரியின் சலவையை வெளியாளுக்குக் கொடுத்துவிடலாமா என்பதுதான் அந்தத் தேர்தலில் பெரிய பேச்சு. ஓட்டு கேட்டு ஒரு பெண் வீட்டுக்கு வந்தார். நோட்டீஸை அண்ணி கையில் கொடுத்துவிட்டு, "உங்களுக்கு ஓட்டு இருக்கா?" என்று கேட்டார். இல்லை என்றதும், சிரித்துக்கொண்டே அந்த நோட்டீஸைத் திரும்ப வாங்கிக்கொண்டு போனார். தாள் மிச்சமாம்! நான் இருந்திருந்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு வார்த்தை கேட்டிருப்பேன். அண்ணி கதவைச் சாத்திவிட்டாராம். அன்று மாலை என்னிடம், "என் வேலையைப் பத்தித்தான் ஓட்டு. எனக்கு அதைப் படிக்கக்கூட ஒரு தாள் கிடையாது பாரு" என்றார்.

அடுத்த வாரம் அடையாள அட்டையைப் புதுப்பிக்க, வாக்காளர் பதிவும் நடக்கிற அலுவலகத்துக்கு அவர் தனியாகப் போனார். நம்மாட்களுக்கு அலுவலகங்களில் ஒரு வழக்கம் உண்டு. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருப்பவர் என்ன கேட்டாலும் தலையாட்டிவிடுவோம். புரியவில்லை என்றால் இன்னும் நாலு படிவத்தை நீட்டிவிடுவாரோ என்று பயம். இந்த வித்தையை அண்ணிக்குச் சொல்லிக்கொடுத்த புண்ணியவதி நான்தான். அவரும் பூம்பூம் மாடு மாதிரி எல்லாவற்றுக்கும் ஆட்டிவிட்டு, காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டு வந்துவிட்டார்.

ஒரு மாதத்தில் தபாலில் வாக்காளர் அட்டை வந்தது. அண்ணியின் பெயர், எங்கள் தெரு, ஓட்டுப் போட வேண்டிய பள்ளிக்கூடம், எல்லாம் அச்சில். எனக்கு உள்ளுக்குள் ஏதோ இடித்தது. "அரசாங்கமே அனுப்பியிருக்கு. அவங்களுக்குத் தெரியாததா நமக்குத் தெரியப்போவுது?" என்றான் அண்ணன். பத்தொன்பது வருஷம் ஆகிவிட்டதே, சட்டத்தை மாற்றியிருப்பார்கள் என்று நானும் நினைத்துக்கொண்டேன். சந்தோஷமாக இருக்கும்போது யார் விசாரிக்கப் போகிறார்கள்?

தேர்தலன்று அண்ணி விடுப்பு எடுத்து, கல்யாணத்துக்குப் போகிறவர் மாதிரி உடுத்தி என்னோடு வந்தார். பள்ளிக்கூட நடையில் அரை மணி நேர வரிசை. எங்கள் முறை வந்ததும் பதிவேட்டைத் திருப்பி, பெயருக்கு எதிரே கையெழுத்து கேட்டார்கள். அண்ணி பேனாவை எடுத்தவர், பக்கத்தின் மேலே பொடி எழுத்தில் இருந்த வரியைக் காட்டி, "இதுல என்ன போட்டிருக்கு?" என்று என்னிடம் கேட்டார்.

படித்துச் சொன்னேன். 'நான் இந்த நாட்டின் குடிமகள் என்று உறுதி கூறுகிறேன்.'

அண்ணி பேனாவை வைத்துவிட்டார். "நான் இல்லையேம்மா" என்றார். "நீ போய்ப் போட்டுட்டு வா. நான் வெளிய நிக்கிறேன்." நான் ஓட்டுப் போட்டுவிட்டு வந்தபோது, பள்ளிக்கூட வாசலில் அந்த நல்ல உடுப்போடு தனியாக நின்றிருந்தார். அன்றைக்கே தேர்தல் அலுவலகத்துக்குக் கடிதம் எழுதிப் பெயரை நீக்கச் சொன்னோம், நீக்கிவிட்டார்கள். சலவைக்கூடமும் அந்த முறை தப்பித்தது.

அதற்குப் பிறகு அண்ணி 'அடுத்த வருஷம்' என்று சொல்லவில்லை. நான் படித்துச் சொல்லச் சொல்ல, உட்கார்ந்து குடியுரிமை மனுவை நிரப்பினார். எட்டு மாதம் கழித்து நேர்காணலுக்குக் கூப்பிட்டார்கள். மொழிபெயர்க்க ஒருவரை அழைத்து வரலாம் என்று போட்டிருந்ததால் நான் கூடப் போனேன்.

சின்ன அறை, ஒரு மேஜை, நாங்கள் இருவர், எதிரே ஓர் அதிகாரி. நல்ல மனிதர், தண்ணீர்கூடக் கொடுத்தார். வேலை, வீடு, பயணம் என்று மளமளவென்று கேட்டு வந்தவர், அதே வேகத்தில், "எப்போதாவது உங்கள் பெயர் வாக்காளர் பட்டியலில் இருந்ததுண்டா?" என்றார். அவர் கண் அடுத்த கேள்விக்குத் தாவியிருந்தது. அவர் கோப்பில் அப்படி எதுவும் இல்லை என்பது எனக்கு நன்றாகத் தெரிந்தது.

கேள்வியைத் தமிழில் சொல்லிவிட்டு, அதே மூச்சில், "இல்லைன்னு சொல்லிடுங்க அண்ணி" என்றேன்.

"இருந்துச்சு. கேக்கறது புரியாம தலையாட்டிட்டேன். ஓட்டுப் போடலை. நானே எழுதி எடுக்கச் சொன்னேன்."

அதிகாரி என்னைப் பார்த்தார். 'இல்லை' என்று நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அத்தோடு முடிந்திருக்கும். என் நாக்கு நுனி வரை வந்தது, மறைக்க மாட்டேன். அண்ணி என் முழங்கை மேல் கை வைத்தார். "நான் சொன்னதை அப்படியே சொல்லு."

சொன்னேன். அதிகாரி பேனாவை மூடி வைத்துவிட்டு, கோப்பை முதலிலிருந்து புரட்ட ஆரம்பித்தார்.

ஆறு வாரத்தில் பதில் வந்தது. தகுதியில்லாமல் வாக்காளராகப் பதிவு செய்துகொண்டதால் மனு நிராகரிக்கப்படுகிறது. ஐந்து வருஷம் கழித்து மறுபடி விண்ணப்பிக்கலாம்.

அண்ணன் சமையலறையில் நின்றுகொண்டு குதித்தான். "அரிச்சந்திரன் வீட்டுப் பொண்ணுன்னு நெனப்பா உனக்கு? இல்லைன்னு ஒரு வார்த்தை! அதைச் சொல்ல வாய் வலிச்சுதா? அஞ்சு வருஷம் போச்சு!" பிறகு என் பக்கம் திரும்பினான். "நீயாவது மாத்திச் சொல்லியிருக்கலாம்ல? எதுக்குக் கூடப் போன?"

தலையாட்டக் கற்றுக்கொடுத்தவளும் நான், பொய் சொல்லச் சொன்னவளும் நான். அண்ணி கடிதத்தை இன்னொரு முறை எடுத்துப் பார்த்தார். அவர் கண் கலங்கியிருந்தது. குரல் மட்டும் எப்போதும் போலத்தான் இருந்தது.

"பொய் சொல்லி வாங்குன ஓட்டை யாருக்குப் போட்டாலும் அது கள்ள ஓட்டுதாங்க."

ஓட்டு இருக்கிற நாங்கள் இரண்டு பேரும் அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் நின்றோம்.